மௌட்டௌகௌமரானே எங்கே?

செல்போன் அலறியது.

எடுத்துக் காதில் வைத்த பேராசிரியர் முத்துக்குமரன், அடுத்த நொடி அதைவிடப் பெரிதாய் அலறினார்.

"என்னது... என் கட்டுரையைத் திருடிட்டானா? எவன் அவன்?"

மறுமுனையில் பாரதிப்ரியா. திருவேட்டக்குடிப் பெண். அவரிடம் ஆராய்ச்சி மாணவி. நெத்திலிக் கருவாட்டை ஆராய்ந்து ஆராய்ந்து, துப்பட்டாவெல்லாம் அந்த வாசனை. இன்று மாலை ஐந்துக்குள் ஆய்வேட்டை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். தவறினால்... இன்னொரு வருஷம் கருவாடு!

"மேற்கோள் காட்டுற கட்டுரைக்கெல்லாம் டிஓஐ நம்பர் கேக்குறாங்க சார். உங்க பழைய கட்டுரைக்கு மட்டும்தான் பாக்கி. முத்துக்குமரன்னு தேடினேன், வரல. தலைப்பைப் போட்டுத் தேடினேன்... வந்துடுச்சு! ஆனா எழுதினவர் பேரு..."

"சொல்லித் தொலைம்மா!"

"மௌட்டௌகௌமரானே."

பேராசிரியருக்கு வியர்த்தது.

"இத்தாலிக்காரனா?"

"தெரியல சார். ஆனா கட்டுரை உங்களுதேதான். ஒரு கமாகூட மாறல."

"அந்தத் திருடன் மாட்டற வரைக்கும் உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடமாட்டேன்!"

டொக்!

பாரதிப்ரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. திருடியவன் எங்கோ பீட்சா தின்கிறான்... தண்டனை இவளுக்கா?

கொஞ்ச நேரத்தில், அவள் உட்கார்ந்திருந்த கல்லூரி நூலகத்தின் வாசலில் ஜீப் சத்தம். சப்-இன்ஸ்பெக்டர் கவியரசன், பேராசிரியரின் பழைய மாணவர். கூடவே பேராசிரியர்... கோபத்தில் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு!

"அதென்னங்க டிஓஐ?" என்றார் கவியரசன்.

"கட்டுரைக்கு ஆதார் நம்பர் மாதிரி சார். பத்துன்னு ஆரம்பிக்கும். வெப்சைட் மாறினாலும் இது மாறாது. தட்டினா நேரா கட்டுரைக்கே போயிடலாம்" என்றாள் பாரதிப்ரியா.

"அட! நம்ம ரவுடிங்களுக்கும் இப்படி ஒண்ணு குடுத்தா எவ்வளவு சௌகரியம்!"

"ஜோக்கா அடிக்கிறே? பிடிய்யா அவனை!" பேராசிரியர் மேஜையைத் தட்டினார்.

"வாஞ்சூர் செக்போஸ்ட் தாண்டினாலே நம்ம எல்லை முடிஞ்சு தமிழ்நாடு போலீஸ் லிமிட் சார். இத்தாலின்னா நான் எங்க போவேன்? சரி... எஃப்.ஐ.ஆர். எழுதணும். ஸ்பெல்லிங் சொல்லுங்கம்மா."

பாரதிப்ரியா ஸ்கிரீனைப் பார்த்து வாசித்தாள்.

"எம்... ஓ... யூ... டி... டி... ஓ... யூ... சி... ஓ... யூ..."

சட்டென்று நிறுத்தினாள். கண்கள் விரிந்தன!

"என்னாச்சும்மா?"

"எங்கப்பா பேரு கண்ணையன். அவரோட பர்த் சர்டிபிகேட்ல கடைசியில சும்மா ஒரு இங்கிலீஷ் 'ஈ' எழுத்து தொங்கும் சார். கேட்டா, நம்ம ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் ஒட்டிட்டுப் போன வாலும்பாரு."

"அதுக்கு?"

"இந்தப் பேருக்கும் வால் இருக்கு. வெட்டிடுங்க. ஓ-யூ வர்ற இடத்துல எல்லாம் 'உ' போடுங்க. இப்பப் படிங்க!"

கவியரசன் எழுத்துக் கூட்டினார்.

"மு... த்து... கு... மரன்!"



பேராசிரியர் மூக்கு ஒட்டுகிற அளவுக்கு ஸ்கிரீனில் குனிந்தார். முகம் வெளுத்தது.

"ஏம்மா... இது என் பர்த் சர்டிபிகேட் பேரு! ஸ்பெல்லிங்கை கெஜட்ல மாத்தறதுக்கு முந்தி எழுதின கட்டுரை... சுத்தமா மறந்துட்டேன்!"

பாரதிப்ரியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டிஓஐயைக் காப்பி செய்து ஒட்டினாள்.

"பேரை மட்டும் இப்ப இருக்கற மாதிரி மாத்திடேன்மா..." பேராசிரியர் குழைந்தார்.

"முடியாது சார். கட்டுரையில எப்படி இருக்கோ அப்படித்தான் போடணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

பேராசிரியர் அசடு வழிந்தபடி பேனாவைத் திறந்தார். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் நிப் பட்டதும்...

"பார்த்து சார்!" என்றார் கவியரசன், தொப்பியை மாட்டிக்கொண்டே. "பழைய ஸ்பெல்லிங்ல போட்டுடாதீங்க... அடுத்த கம்ப்ளெய்ன்ட் அந்த இத்தாலிக்காரன் குடுப்பான்!"