சரக்கு அல்ல, வாழிடம்

எண்ணூர் வெள்ளத்தின் மேல் ஆளில்லா மீட்பூர்திகள் சுற்றிக்கொண்டிருந்தபோது, பொருட்குறிக் குழு 'வீடு' என்றால் என்ன என்று சாவகாசமாக விவாதித்துக்கொண்டிருந்தது.

இயந்திரங்கள் எதையும் பார்த்துப் புரிந்துகொள்வதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. கதவோ மருத்துவமனையோ, ஒவ்வொன்றும் தான் இன்னது என்று தன் பொருட்குறியால் அறிவிக்கும்; இயந்திரங்கள் அதை மட்டுமே நம்பும். எந்தக் குறி செல்லும் என்பதை இந்தக் குழு முடிவு செய்யும். ஒரே ஒருவர் மறுத்தாலும் போயிற்று.

குழு உறுப்பினர் ஜெசிந்தாவின் தம்பி ஸ்டீபன், மனைவி குழந்தையோடு பழைய கன்டெய்னர் ஒன்றில் குடியிருந்தான். அதன் குறி 'சரக்கு'. மீட்பூர்திகள் வீடுகளில் இருப்பவர்களைத் தூக்கிய பிறகுதான் சரக்குக்கு வரும்.

"அக்கா, தண்ணி மார் வரைக்கும் வந்துச்சி," என்று போனில் அலறினான் ஸ்டீபன். "கொழந்தைய தலைமேல தூக்கி வச்சினு நிக்கிறோம்."

"'வீடு'ன்னே போட்டுடுங்க சார்," என்று ஜெசிந்தா கெஞ்சினாள்.

"அஸ்திவாரம் இல்லாதது எப்படிம்மா வீடாகும்?" என்றார் தலைவர் ஆளவந்தார். 'தங்குமிடம்' என்றார் ஒருவர். அதில் லாட்ஜும் வந்துவிடுமே என்றார் இன்னொருவர். கற்றவர்களுக்கு நேரத்துக்கா பஞ்சம்!

ஜெசிந்தா மேசையை ஓங்கி அறைந்தாள். "உள்ள மூணு உயிர் இருக்கு சார்! சரக்கு இல்ல, மனுசங்க!"

'வாழிடம்' என்று புதுக் குறி ஒன்றை ஆளவந்தார் முன்மொழிய, எல்லாக் கைகளும் உயர்ந்தன. அந்த நொடியே கன்டெய்னரின் குறி மாறியது. ஜெசிந்தா வாய்விட்டு அழுதாள்.

எண்ணூரில் அப்போது வீடுகளில் இருந்தவர்களை எல்லாம் தூக்கி முடிந்து, சரக்குகளின் முறை வந்திருந்தது. ஸ்டீபனின் கூரையை நோக்கி ஒரு கொக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றது. அறியாத குறியைத் தாண்டிச் செல் என்பது மீட்பூர்திகளுக்கான விதி. புதுக் குறிகளை அவை பணிமனைக்குத் திரும்பிய பிறகே கற்கும். கொக்கி மேலேறியது. பக்கத்து கன்டெய்னரை, வெங்காய மூட்டைகளோடு, பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனது.

"அக்கா, கிட்ட வந்துட்டு போயிடுச்சிக்கா! இன்னா ஆச்சி?"

விஷயம் புரிந்ததும் ஜெசிந்தா ஆளவந்தாரிடம் ஓடினாள். "சார்... பழையபடி சரக்குன்னே மாத்திடுங்க சார்."

"மாத்திடலாம்மா," என்றார் ஆளவந்தார். "யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"மனுசங்க குடியிருக்கிற இடத்தைப் போய் சரக்குன்னு சொல்றதா? என் மனசாட்சி ஒத்துக்காது சார்."