புகார் உரியவருக்கு அனுப்பப்பட்டது

அக்காவின் பல் கிளினிக்குக்கு சர்வர் பார்த்துக்கொள்வது எலியின் வேலை. நோயாளிகளின் பெயர், விலாசம், எக்ஸ்ரே எல்லாம் அதற்குள்தான் கிடந்தன. உலகத்தின் ஏதோ மூலையிலிருந்து ஏதாவது ஒரு நிரல் வந்து அட்மின், டெஸ்ட் என்று வாய்க்கு வந்த பெயர்களைச் சொல்லி உள்ளே நுழையப் பார்ப்பதும், முடியாமல் போவதும் தினமும் நடக்கிற கூத்து. தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஒரே சீராகத் தட்டும். இன்று சாயங்காலம் வந்தது சீராகத் தட்டவில்லை. ஒரு பெயர். கொஞ்சம் இடைவெளி. இன்னொரு பெயர். இருட்டில் சுவரைத் தடவித் தாழ்ப்பாளைத் தேடும் கை போல.

மாடி அறையில் சூடேறிய சார்ஜரின் தூசி வாசனை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் தொண்டையைச் செருமியது. ஜன்னல் கம்பிகளின் நிழல் மேஜை மேல் நீண்டு அவன் மணிக்கட்டு வரை வந்துவிட்டது. எலி அது வந்த இணைய எண்ணை, ஐ.பி. முகவரியை, தடுத்தான். பக்கத்து எண்ணிலிருந்து தட்டியது. அந்த வரிசை முழுவதையும் தடுத்தான். தடுத்த பிறகும் திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது. அது நடக்கக் கூடாத விஷயம். பூட்டிய கதவு லேசாக அசைவதைப் பார்ப்பது போல அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, யாரோ நம்ம சர்வர்ல நுழையப் பாக்கறான்."

"நுழைஞ்சிட்டானா?"

"இல்ல."

"அப்புறம் என்னடா? ஒருத்தர் வாய்க்குள்ள கையை விட்டுட்டு நிக்கறேன். எலி, இங்க பாரு, அந்த எக்ஸ்ரே எல்லாம் வெளிய போச்சுன்னா நான் போர்டைக் கழட்டிட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான். யாருன்னு கண்டுபிடிச்சுப் புகார் குடு."

எலி என்பது அவள் வைத்த பெயர். சின்ன வயதில் அவன் ரேடியோ ஒயரைக் கடித்தான் என்பது அக்காவின் குற்றச்சாட்டு. கரண்ட் இல்லாத நேரத்தில்தான் கடித்தேன் என்பது இவன் தரப்பு.

எந்த எண்ணை யார் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லும் பொதுப் பதிவேட்டில் தேடினான். ஒரு பெரிய கம்பெனி வந்தது. புகாருக்கென்று ஒரு மின்னஞ்சலும் இருந்தது. மொட்டைக் கடுதாசி என்று ஒதுக்கிவிடக் கூடாதே என்று முழுப்பெயர், கதவு எண், போன் நம்பர் எல்லாம் போட்டு மரியாதையாக எழுதினான். பதிலும் மரியாதையாக வந்தது: அந்த வரிசையை நாங்கள் வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம், அவரைக் கேளுங்கள்.

அவர் உள்வாடகைக்கு விட்டிருந்தார்.

உள்வாடகைக்காரரின் போனில் சங்கீதம் வாசித்தார்கள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணாவது பொறுப்பேற்றுக்கொள்ள மாட்டாளா என்று ஏங்கும் அளவுக்கு எலி இறங்கிவிட்டான். பூமிப்பந்தில் இத்தனை பேர் இருந்தும் இந்த ஒரு எண் மட்டும் எவருடையதும் இல்லை.

எரிச்சல் ஏற ஏறக் கடிதங்கள் நீண்டன. டாக்டர் என் கூடப்பிறந்த அக்கா என்று எழுதினான். கிளினிக் விலாசத்தை எழுதினான். தன்னைப் படிக்க வைத்தவள் அவள்தான், இன்னும் தன்னை எலி என்றுதான் கூப்பிடுகிறாள், கடைசி நோயாளி போன பிறகு தனியாக உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவள், அவள் பிழைப்பில் மண்ணைப் போடாதீர்கள் என்றுகூட எழுதினான். கல்லும் கரையும் கடிதம். அனுப்பிவிட்டு, கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று வெட்கப்பட்டான்.

தட்டுவது நின்றது.

திரையில் புதிய வரி எதுவும் இல்லை. கீழ்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மின்விசிறி செருமியது. எலி சாய்ந்து உட்கார்ந்தான். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் பொறுப்பேற்றுவிட்டான் போலிருக்கிறது.

பதில் வந்திருந்தது. "உங்கள் புகார் ஓர் எழுத்தும் குறையாமல் உரியவருக்கு அனுப்பப்பட்டது. அவர் நேரில் கவனிப்பார்."

உரியவர் என்றால்?

பழைய பதில்களைத் திறந்தான். ஒவ்வொன்றின் அடியிலும், கண்ணுக்கே தெரியாத எழுத்தில், அதே வாக்கியம். இந்தத் தொழிலில் இது வழக்கம்தான். யார் மேல் புகாரோ, அவனுக்கே புகாரை அப்படியே தள்ளிவிட்டுக் கை கழுவுவார்கள். தெரிந்திருந்தும் எழுதினான். பெயர், விலாசம், அக்கா, எல்லாவற்றையும்.

தட்டியவன் என்னென்ன பெயர் சொன்னான் என்று சர்வர் பதிவில் மேலே போய்ப் பார்த்தான். அட்மின். டெஸ்ட். அதற்குப் பிறகு அவன் முழுப்பெயர். பிறகு அக்கா பெயர். அவற்றுக்குக் கீழே, தட்டுவது நிற்பதற்கு முன், ஒரே ஒரு சொல்.

எலி.

அதற்கு நேராக: அனுமதிக்கப்பட்டது.

அக்காவுக்குப் போன் போட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"அக்கா, எங்க இருக்க?"

"கிளினிக்லதான். எல்லாரும் போயாச்சு. இரு, வர்றேன், அவசரப்படாத."

"எங்க வர்ற?"

"கதவைத் தொறக்கத்தான். நேர்ல வந்து பாக்கறேன்னு மெயில் போட்டுட்டு, வாசல்ல நின்னு தட்டிட்டு, போன் வேற பண்ற. பொறுமையே கிடையாதுடா உனக்கு."

"அக்கா. நான் வீட்ல இருக்கேன். தொறக்காத."

"விளையாடற வயசா இது?"

தாழ்ப்பாள் விலகியது. கீல் முனகியது.

"வாடா," என்றாள் அக்கா. உடனே அவள் குரல் டாக்டர் குரலாக மாறியது. "என்னடா, வாய் ஏன் இப்படி இருக்கு? உக்காரு. திற, பாப்போம்."

விளக்கு போடும் சத்தம்.

பிறகு ஒன்றும் இல்லை.

"அக்கா?"

மூச்சு. அவளுடையது அல்ல.

"அக்கா."

"போன்ல யாருக்கா?" என்று கேட்டது எலியின் குரல்.

அதே குரலே தொடர்ந்தது.

"சும்மா தொந்தரவு பண்றானா? விடு, நம்பர் இருக்கில்ல. நான் பாத்துக்கறேன்."

இணைப்பு போனது. அறை இருட்டியிருந்தது. திரை மட்டும் வெளிச்சம். ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் இடத்தில் அவன் முழுப்பெயர். அவன் கதவு எண். அவன் போன் நம்பர். உள்ளே முதல் வரி: டாக்டர் என் கூடப்பிறந்த அக்கா.

புகார் அவன் மேல்.