சாம்பல் கோடு

டம்ளர் வருவதற்கு முன்பே டம்ளரின் கோடு வந்துவிட்டது.

மேஜை ஓரத்தில் பென்சிலால் லேசாக இழுத்த மாதிரி ஒரு சாம்பல் நிற வட்டம், அதிலிருந்து மேலே போகும் இரண்டு கோடு, நடுவில் ஒன்றுமில்லை. அறிவுச்செல்வி அதையே பார்த்தாள். அவளுடைய வலது கைச் சுண்டுவிரல் தன்பாட்டுக்கு மேஜையை ஒரு தட்டுத் தட்டியது. மறு நொடி அவள் புருஷன் தனபால் காப்பி டம்ளரைக் கொண்டுவந்து, இம்மி பிசகாமல், அந்தக் கோட்டுக்குள் வைத்தான்.

"என்ன புள்ள, டம்ளரை இந்த மொறை மொறைக்கற?"

"கண்ணு எரியுதுங்க. வேற ஒண்ணுமில்ல."

"ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால கெடந்தா எரியாம என்ன பண்ணும்? இன்னிக்குக் கரண்ட் ஷட்டவுன், சாயந்தரம்தான் வரும். பேசாமப் படுத்துத் தூங்கு. நான் சேலம் போயி நூலு வாங்கிட்டு வாரேன்."

பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. தறிக்குப் பேர்போன இளம்பிள்ளையில் கரண்ட் இல்லாத சனிக்கிழமை என்றால் ஊருக்கே மூச்சு நின்றுபோகும். ராப்பகலாகத் தடதடத்துக்கொண்டிருக்கும் தறிகள் எல்லாம் வாயை மூடிக்கொள்ள, அவற்றுக்கு அடியில் இத்தனை நாள் ஒளிந்திருந்த சின்னச் சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். தகரக் கூரை வெயிலில் விரிந்து முறுகுவது, பாவு நூலில் காற்று உரசுவது, பூட்டிய தறிக்கூடத்துக்குள் எங்கேயோ எண்ணெய் சொட்டுவது. கஞ்சிப் பசையும் பஞ்சுத் தூசியும் கலந்த வாடை அன்று மட்டும் அடுப்படி வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

செல்வி சேலைக்கு டிசைன் போடுகிறவள். முந்தி, பார்டர், புட்டா எல்லாம் அவள் கம்ப்யூட்டரில் வரைந்து பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தால், தறி அப்படியே நெய்யும். போன வருஷம் போட்ட புது சாஃப்ட்வேர் படு கெட்டிக்காரப் பயல். இவள் ஒரு இதழை வளைத்தால் போதும், மீதிப் பூவையும் கொடியையும் முந்தி முழுவதையும் அதுவே சாம்பல் கோட்டில் போட்டுக் காட்டும். பிடித்திருந்தால் சுண்டுவிரலால் என்டரைத் தட்ட வேண்டியது, கோட்டுக்குள் வண்ணம் நிரம்பிவிடும். பிடிக்காவிட்டால் எஸ்கேப், உடனே வேறொன்றைப் போட்டுக் காட்டும். அதற்கு அலுப்பென்பதே கிடையாது.

ஆரம்பத்தில் செல்வி அதோடு சண்டைதான் போட்டாள். என் பூவைப் பற்றி இதற்கென்ன தெரியும் என்று எஸ்கேப்பைக் குத்து குத்தென்று குத்தினாள். பிறகு தீபாவளி ஆர்டர் வந்தது, கடைக்காரர்கள் கழுத்தில் உட்கார்ந்தார்கள், அவள் தட்டினாள். தட்டத் தட்டச் சுகமாக இருந்தது. இப்போது வெள்ளைத் தாளை முன்னால் வைத்தால், மனசு கையைக் கட்டிக்கொண்டு கோட்டுக்காகக் காத்து நிற்கிறது. யாராவது பேச வாயெடுத்தால் முடிவு முன்கூட்டியே தெரிந்து விரல் தட்டுகிறது. தூக்கத்திலும் தட்டுகிறது. "கனவுலயும் ஆர்டர் எடுக்கறயா?" என்று தனபால் கேலி பண்ணுவான். அவளும் சிரித்துவைப்பாள். சிரிக்கிற சங்கதி இல்லை என்று அவளுக்கு உள்ளூரத் தெரியும்.

காப்பியைக் குடிக்காமலே எழுந்து பின்கட்டுக்கு வந்தாள். வாசல்படியில் கோடு கிடந்தது.

இந்த முறை ஒரு பொம்பளை. குப்புற விழுந்து கிடக்கிறாள். கொண்டை, சேலைத் தலைப்பு, பக்கத்தில் கவிழ்ந்த கூடை, எல்லாம் வெறும் சாம்பல் கோடு. உள்ளே படிக்கல்லின் சிமெண்ட் தெரிந்தது. செல்வி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். விரல் மரத்தைத் தட்டியது.

டக்.

தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கும் குஞ்சம்மாள் கூடையோடு மூலை திரும்பி வந்தாள், ஒன்றுமே இல்லாத படியில் தடுக்கினாள், அந்தக் கோட்டுக்குள் போய் விழுந்தாள். கொண்டை கொண்டையின் இடத்தில், கூடை கூடையின் இடத்தில்.

முட்டியில் ரத்தம். செல்வி கழுவி மஞ்சள் வைத்தாள்.

"கல்லும் தடுக்கலீங்க சாமி, ஒண்ணும் தடுக்கல. காலை ஆரோ புடிச்சு வெச்சாப்பல இருந்துச்சு." குஞ்சம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். "நீங்க என்னுங்க இப்படி வெளிறிப் போயிட்டீங்க? நோய்க்கும் பாக்கோணும், பேய்க்கும் பாக்கோணுமுங்க."

அவள் நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் செல்வி விரலைப் பார்த்தாள். கோட்டில் கண்டது தானாக நடக்கவில்லை. இவள் தட்டினாள், நடந்தது. கூடையிலிருந்து சிதறிக் கிடந்த ஒரு தார்க்குச்சியை எடுத்து, இனித் தட்ட முடியாதபடி அதன் பட்டு நூலைச் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் சேர்த்துச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள். விரல் நுனி சிவந்து, பிறகு கறுத்தது.

"அபி! அபிநயா!"

அவளுடைய ஐந்து வயசுப் பெண்பிள்ளை, இப்போதுவரை முற்றத்தில்தான் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. முற்றத்தில் சொப்பு மட்டும் இருந்தது. பக்கத்தில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, திறந்தபடி. மோட்டார் ஓடாததால் காலையில் வாளியில் மொண்ட தனபால் மூடாமல் போயிருந்தான்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

தண்ணீருக்கு அடியில் சாம்பல் கோடு. சின்னது. இரட்டைச் சடை. கவுன் குடைபோல் விரிந்து. உள்ளே ஒன்றுமில்லை, தண்ணீர்தான். இன்னும் வண்ணம் ஏறவில்லை.

கட்டிய விரல் துடித்தது. மற்றக் கையால் அதை நெரித்துப் பிடித்தாள். காலாலும் தோளாலும் தள்ளி, இரும்பு மூடியை இழுத்து மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் மூடி கொதித்தது. உறைக்கவில்லை.

"அம்மா!" தறிக்கூடத்துப் பின்னாலிருந்து அபிநயா ஓடி வந்தாள். "பூனைக்குட்டி பாத்தேம்மா!"

உயிர் வந்தது. செல்வி பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். ஜெயித்துவிட்டாள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வேண்டாம் என்றால் வேறொன்று வரும்.

மடியிலேயே வந்தது. அபிநயாவைச் சுற்றி, அபிநயாவை விட்டுக் கொஞ்சம் தள்ளி. தலை ஒரு பக்கம் சாய்ந்த கோடு. கழுத்தைச் சுற்றி இரண்டு கைகளின் கோடு. அந்தக் கைகளில் வளையல். செல்வி தன் கையைப் பார்த்தாள். அதே வளையல்.

வேறு ஏதாவது நினை.

பிள்ளையை இறக்கி விடலாம். தெருவுக்கு ஓடலாம். குஞ்சம்மாளைக் கூப்பிடலாம். வேறு யாராக இருந்தாலும் தோன்றியிருக்கும். அவளுக்குத் தோன்றவில்லை. உள்ளே வெள்ளைத் தாள். அதில் அந்த ஒரு கோடு. நினை, நினை. வெள்ளை. கோடு.

தறி ஒன்றும் ஓடவில்லை. எங்கும் சத்தமில்லை.

"ஐயோ, விரலு கறுத்துப் போச்சும்மா," என்றாள் அபிநயா. "வலிக்குதா? இரு, நான் அவுத்து உடறேன்."

செல்வி வாயைத் திறந்தாள். அவிழ்க்காதே என்ற சொல்லும் அந்த வெள்ளைத் தாளில் இல்லை.

பிள்ளை நாக்கைத் துருத்திக்கொண்டு, வலிக்காமல், மெதுவாக, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தது. பட்டு நூல் இரும்பு மூடிமேல் சுருண்டு சுருண்டு விழுந்தது. நாலு சுற்று. மூணு. கழுத்தைச் சுற்றிக் கோடு அசையாமல் காத்திருந்தது.

"அவ்வளவுதாம்மா," என்று அபிநயா சிரித்து, கடைசிச் சுற்றை உருவினாள்.