தானாக நடக்கிறவள்

வீடியோ கேம் கன்ட்ரோலரை சோபாவில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவன், டம்ளரை வாயில் வைத்தபடி திரும்பிப் பார்த்தபோது, டிவியில் தபால்காரி நடந்துகொண்டிருந்தாள்.

பனிமலைகளுக்கு நடுவே வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோகிற ஒருத்தியைப் பற்றிய கேம் அது. கடைசிக் கடிதத்தையும் கொடுத்தாகிவிட்டது. இனி அவள் அந்த வாசலில் அசையாமல் நிற்க வேண்டும், பனி கொட்ட வேண்டும், கேமைச் செய்தவர்களின் பெயர்கள் மேலே ஏற வேண்டும். அவளோ இடதுபக்கம் திரும்பி, பனிச்சுவரில் தோளை உரசிக்கொண்டு, போக வழியில்லாத இடத்தில் போய்க்கொண்டே இருந்தாள். கட்டைவிரலால் தள்ளி அவளை நடக்கவைக்கும் அந்தச் சின்னக் குமிழை, கன்ட்ரோலரின் ஸ்டிக்கை, யாரும் தொடவில்லை. அவள் காலடியில் பனி நொறுங்கும் ஓசை, திரைச்சீலை இழுத்துவிட்ட அந்த அறையின் ஈர வாசனைக்குள், யாரோ உப்பை மெல்லுவதுபோல நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"டிரிஃப்ட்டுதான் அத்தான், வேற ஒண்ணுமில்ல," என்றான் மச்சான் ஃபோனில். "உள்ள தேஞ்சு போச்சுன்னா நாம தொடாமலே ஸ்டிக் தள்ளின மாதிரி காட்டும். இப்ப வர்ற கன்ட்ரோலர் எல்லாமே இந்த லட்சணந்தான். முன்னாடி எல்லாம் தோத்த கோவத்துல சுவத்துல அடிச்சாலும் தாங்கும். இப்ப முறைச்சுப் பாத்தாலே உடைஞ்சுருது."

மச்சான் அவன் மனைவியின் தம்பி. வேறு ஊரில் ஃபோனும் கன்ட்ரோலரும் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். வாரா வாரம் கூப்பிடுவான்.

"சரி, கேம் எப்படி?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"லாரி கேமுக்கும் இதையேதான் சொன்னீங்க. வெந்நீர் குடிச்சாலும் இதேதான் சொல்வீங்க போல. அந்தக் கெழவன் கதவைத் தொறக்காம, கடிதத்தைக் கதவுக்கு அடியில தள்ளச் சொல்வான்ல? நான் அங்கயே கேமை நிறுத்திட்டுக் கடைக்கு வெளிய போய் நின்னேன் அத்தான்."

"ஆமா. அது நல்லாருந்துச்சு."

அவனுக்கு அந்தக் கிழவனே ஞாபகமில்லை. சென்ற மழைக்காலத்தில் மனைவி இறந்ததிலிருந்து எந்தக் கேமும் அவனுக்குள் இறங்கவில்லை. ஒன்றை முடித்தால் அடுத்தது, அது முடிந்தால் அடுத்தது. அவளைப் பற்றிப் பேசினால் இருவரில் ஒருவன் அழ வேண்டிவரும். கேமைப் பற்றிப் பேசினால் யாரும் அழ வேண்டியதில்லை. ஆகவே இரண்டு ஆண்பிள்ளைகளும் கேமைப் பற்றியே பேசினார்கள்.

"பாப்பா என்ன பண்றா?"

"தூங்குறா."

இடதுபக்க அறையில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. அவளுக்கு ஒரு குறையும் அவன் வைக்கவில்லை. ஹோட்டல் சலவைப் பிரிவில், நனைந்த படுக்கை விரிப்புகளை நாள் முழுக்கச் சூட்டு உருளைக்குள் விட்டு மடித்து அடுக்குகிறவன் அவன். அதே ஒழுங்கில்தான் பாப்பாவையும் குளிப்பாட்டினான், தலை வாரினான், சோறு ஊட்டினான், பள்ளியில் விட்டான். ஊட்டும்போது கண் டிவியில் இருக்கும். "அப்பா, என்னைப் பாரு," என்பாள் அவள். "பாத்துட்டுதாண்டா இருக்கேன்," என்பான் அவன், டிவியிடம்.

கன்ட்ரோலரை மச்சானுக்கு அனுப்பினான். மச்சான் அதை வைத்துக்கொண்டு வேறொன்று அனுப்பினான்.

அதைப் பொருத்தினான். தபால்காரி இடதுபக்கம் திரும்பினாள்.

"அத்தான், உங்க பழசைத் தொறந்து பாத்தேன்," என்றான் மச்சான் அடுத்த வாரம். "தேய்மானமே இல்ல. கடையில ஒரு நாள் முழுக்க ஓட விட்டேன், ஒரு இம்மி நகரல. உங்க வீட்டுல மட்டும் என்ன கேடு அதுக்கு?"

"தெரியல. புதுசும் அப்படித்தான் போகுது."

"அதுவுமா? அப்ப என் நேரம் சரியில்ல. போகட்டும், அடுத்த கேம் ஆரம்பிச்சீங்களா?"

ஆரம்பிக்கவில்லை. முடித்த கேமிலேயே தபால்காரியை நடுப் பனிவெளிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே சுவர் இல்லை, மரம் இல்லை. எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் அவள் போகலாம்.

ஒரு நாள் மாலை, மழை ஜன்னல் தகரத்தில் தட்டிக்கொண்டிருக்க, பாப்பா தன் அறையிலிருந்து ஓடிவந்து, சோபாவையும் அவன் காலையும் தாண்டி, வலதுபக்கம் இருந்த சமையலறைக்குள் போனாள். தபால்காரி நின்றாள். திரும்பினாள். வலதுபக்கம் ஓடத் தொடங்கினாள்.

குனிந்து பார்த்தான். உருளையில் சுட்டுக்கொண்டதிலிருந்து அவனுடைய இடது கட்டைவிரலுக்கு உணர்ச்சி மட்டு. கண்ணும் எப்போதும் டிவியில். அதனால் இத்தனை நாளும் தெரியவில்லை. விரலுக்கு அடியில் ஸ்டிக் தானாகவே சமையலறைப் பக்கம் சாய்ந்திருந்தது.

எழுந்து டிவிக்கு முதுகைக் காட்டி நின்றான். உள்ளே தேய்ந்துபோன ஸ்டிக்குக்கு அறையும் தெரியாது, திசையும் தெரியாது. கன்ட்ரோலரைத் தலைகீழாகத் திருப்பினாலும் தனக்கு இடது எதுவோ அந்தப் பக்கம்தான் சாயும். இது அப்படிச் செய்யவில்லை. அவன் திரும்பத் திரும்ப, கைக்குள் மெல்லச் சுழன்று, மறுபடியும் சமையலறையைக் காட்டியது. உள்ளே பாப்பா பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது.

பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை என்பதுதான் அவனுக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது.

அவனுடைய வார விடுமுறையில் பாப்பா பள்ளிக்குப் போயிருந்தபோதும் பார்த்தான். சோபாவுக்குப் பின்னால் வாசல் கதவு, அதற்கப்பால் தெரு, தெருக்கோடியில் பள்ளி. கம்பளித் துணி சுற்றிய முகத்தோடு தபால்காரி அவனைப் பார்த்துத் திரும்பி, அவனை நோக்கி, மிக மெதுவாக நடந்து வந்தாள். ஸ்டிக் சாய்ந்ததே கண்ணுக்குத் தெரியவில்லை. பாப்பா பக்கத்து அறையில் இருந்தால் தபால்காரி ஓடுவாள். பள்ளியில் இருந்தால் நடப்பாள். தூரம் கூடக் கூட வேகம் குறைந்தது, அவ்வளவுதான். சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தான்.

பிறகு அது ஒரு வசதியாகிவிட்டது. கண்ணாமூச்சி ஆடினார்கள். பாப்பா கட்டிலுக்கு அடியில் ஒளிந்தாலும் துணிக்கூடைக்குள் ஒளிந்தாலும் அவன் கன்ட்ரோலரைக் கையில் ஏந்திக்கொண்டு நேராகப் போய் நிற்பான். "எப்படிப்பா கண்டுபிடிச்ச?" என்று அவள் கத்துவாள். உன்னைத் தேடவே இல்லை, ஸ்டிக்கைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன் என்று அவன் சொல்வதில்லை.

மச்சானிடம் மட்டும் சொன்னான்.

"சரியா தூங்குறீங்களா அத்தான்?"

"தூங்குறேன்."

"அக்கா அப்படித்தான் இருப்பா." பல மாதங்களில் முதல்தடவையாக அவன் அக்காவைப் பற்றிப் பேசினான். "யாருகூடப் பேசிட்டிருந்தாலும் பாப்பா எந்தப் பக்கம் போறாளோ அந்தப் பக்கமே கண்ணு போகும். நான்கூடக் கிண்டல் பண்ணுவேன்." மூக்கை உறிஞ்சினான். "அந்த ஸ்டிக்கை ரொம்ப அழுத்தாதீங்க, உடைஞ்சுரும்."

விடுமுறை நாள். நல்ல மத்தியானம். மேகம் இறங்கி, விளக்குப் போட வேண்டிய அளவுக்கு வீடு மங்கிக் கிடந்தது. சோபாவில் முகத்தைப் புதைத்து அவன் எண்ணத் தொடங்கினான். பாப்பாவின் கால்கள் தடதடவென்று ஓடின. சிரிப்பை அடக்குகிற மூச்சு. எங்கோ ஒரு தாழ்ப்பாள் நகர்ந்தது, பக்கத்து வீடாக இருக்கும். பிறகு மழை மட்டும்.

எண்ணி முடித்துக் கன்ட்ரோலரை எடுத்தான்.

ஸ்டிக் இடதுபக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. வலதுபக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. இப்படி அது செய்ததே இல்லை. பூட்டிய அறைக் கதவை யாரோ உள்ளேயிருந்து ஆட்டுவதுபோல, கைக்குள் கிடந்து உதறியது. அழுத்திப் பிடித்தான். டக். உள்ளே ஸ்பிரிங் அறுந்து, ஸ்டிக் துவண்டு ஒரு பக்கமாகத் தொங்கியது.

"அப்பா, தோத்துட்ட!"

அறை வாசலில் பாப்பா நின்றாள். கையைத் தட்டிக்கொண்டு.

"அப்பா, தோத்துட்ட!"

சமையலறை வாசலில் பாப்பா நின்றாள். கையைத் தட்டிக்கொண்டு.

ஒரே மஞ்சள் கவுன். ஒரே கலைந்த பின்னல். கைதட்டல் நின்றது. இரண்டு பக்கமும், ஒன்றாக.

"அப்பா, என்னைப் பாரு," என்றாள் இடதுபக்கத்தவள்.

"அப்பா, என்னைப் பாரு," என்றாள் வலதுபக்கத்தவள்.

பார்த்தான். நீண்ட நாளைக்குப் பிறகு, உண்மையாகவே பார்த்தான். இரண்டு பேருக்கும் மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. பாப்பாவுக்குப் பல் விழுந்ததா? எப்போது? இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். அது பிறந்ததிலிருந்து இருக்கிறதா, அவனுக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு அவள் அம்மா இல்லை.

மச்சானைக் கூப்பிட்டான். ஃபோனை ஒருத்தியிடம் கொடுத்தான், பிறகு மற்றவளிடம்.

"என்ன அத்தான், சொன்னதையே ரெண்டு தடவை சொல்றா?" என்று சிரித்தான் மச்சான்.

"கன்ட்ரோலர் உடைஞ்சுபோச்சு. இன்னொண்ணு அனுப்பு மச்சான். சீக்கிரம் அனுப்பு."

"அதுக்கேன் குரல் இப்படிப் போகுது? நாளைக்கே அனுப்பறேன்."

இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைத்தான். வேறென்ன செய்வது? ஒருத்தியை வெளியே தள்ளலாம். அவளே பாப்பாவாக இருந்துவிட்டால்? யாரிடமாவது சொல்லலாம். வந்து பார்க்கிறவர் தப்பானவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? வேலைக்கு லீவு சொன்னான். பள்ளிக்குக் காய்ச்சல் என்றான். இருவரையும் குளிப்பாட்டினான், இருவருக்கும் தலை வாரினான், முதலில் யாருக்கு வாரினோம் என்பதைச் சீப்பைக் கீழே வைப்பதற்குள் மறந்தான். இருவருக்கும் ஒரே சூடு, ஒரே சோப்பு வாசனை. ராத்திரி விளக்கை அணைத்ததும் மூச்சுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. இருட்டில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். பேசவில்லை. பகலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. அவனையே பார்த்தார்கள்.

கூரியர் வந்தது.

சோபாவில் உட்கார்ந்தான். இடதுபக்கம் ஒருத்தி, வலதுபக்கம் ஒருத்தி. பனிவெளி வந்தது. நடுவே தபால்காரி, முதுகைக் காட்டிக்கொண்டு. யார் பக்கம் நடக்கிறாளோ அவள்தான் பாப்பா. மற்றவளை என்ன செய்வது என்று அவன் யோசிக்கவில்லை. கையை எடுத்தான்.

ஸ்டிக் சாய்ந்தது.

இடதுபக்கம் இல்லை.

வலதுபக்கம் இல்லை.

தபால்காரி திரும்பினாள். துணி சுற்றிய முகம் அவனைப் பார்த்தது. அவனை நோக்கி ஓடி வந்தாள். கன்ட்ரோலரைச் சாய்த்தான், திருப்பினான், தலைக்குமேல் தூக்கினான். ஸ்டிக் வாசலைத்தான் காட்டியது. சாத்திய கதவு. அதற்கப்பால் மழை.

ஒரு வருஷமாக வராத வலி மொத்தமும் ஒன்றாக வந்தது. வெளியே இருக்கிறாள். என் பிள்ளை வெளியே இருக்கிறாள். எத்தனை நாளாக? எழப் பார்த்தான். இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் கைகள் அவன் தோளில் விழுந்தன. நனைந்த விரிப்பு மூட்டைகளின் கனம்.

"அப்பா, எங்களைப் பாரு."

தபால்காரி ஓடவில்லை இப்போது. நடந்தாள்.

"பாப்பா!" என்று கத்தினான். வாசலைப் பார்த்துக் கத்தினான். இரண்டு குரல்கள் அவன் காதோரம் "என்னப்பா?" என்றன.

தூரம் கூடிக்கொண்டே போனது. நடை மெதுவானது. ஒரு அடி. பனி நொறுங்கும் சத்தம். இன்னொரு அடி. ஸ்டிக் நிமிர்ந்துகொண்டே வந்தது. அதை விரலால் வாசல் பக்கம் தள்ளினான். தள்ளினால் அவள் நடந்தாள், எடுத்தால் நடை தளர்ந்தது.

ஒரு அடி.

நீண்ட இடைவெளி.

ஒரு அடி.

அடுத்த சத்தத்துக்காக அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இரண்டு பிள்ளைகளும் அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு திரையையே பார்த்தார்கள். தபால்காரி ஒரு காலை முன்வைத்தபடி நின்றிருந்தாள். அவள் தலைமேலும் தோள்மேலும் பனி விழுந்துகொண்டிருந்தது.