மூன்றாம் தண்ணீர்

பெங்களூரிலிருந்து ரயிலில் வந்த தங்கை நஸீமாவை ஜங்ஷனிலிருந்து ஆட்டோவில் அழைத்து வந்தார் முஸ்தபா. அவருடைய பீங்கான் பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. வாசலிலேயே ஈரக் களிமண் வாடை அடித்தது.

"இத்தா முடியுற வரைக்கும், நாலு மாசம் பத்து நாள், வெளிய தலைகாட்ட வேணாம். போர்ல தண்ணி கொட்டுது, நல்லா குளி," என்றாள் அண்ணி ஷமீம். "வாய்விட்டு அழுதுடு நஸீமா."

நஸீமாவுக்கு அழுகை வரவில்லை. கணவன் முபாஷிர் இறந்துபோனதிலிருந்து நெஞ்சு மரத்துக் கிடந்தது.

பெங்களூரில் ஏரிக்கரை வீடு என்று சொல்லித்தான் விற்றார்கள். ஏரி எங்கே என்று கேட்டால், நிற்கிற இடம்தான் ஏரி. கம்பெனிகள் பெருகின, மாடிகள் பெருகின, போர் வற்றியது. அப்புறம் டேங்கர்தான் கதி. ஹாரன் கேட்டால் போதும், இருவரும் ஒரே வாளியின் கைப்பிடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

கம்ப்யூட்டர் முன்னால் மாரடைப்பில் முபாஷிர் சாய்ந்த அன்று குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடக்கத்துக்கு முன் மய்யித்தைக் குளிப்பாட்ட வழியில்லை. தண்ணீர் இல்லையென்றால் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்திலும் கைகளிலும் தடவினால் போதும் என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத்து. அந்த சிமெண்டுக் காட்டில் மண்ணுக்கு எங்கே போவது? சேதி கேட்டு முஸ்தபா ஓட்டி வந்த லோடு வண்டியில் ஒட்டியிருந்த வெள்ளைக் களிமண் தூள்தான் உதவியது.

மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தோளில் தூக்கும்போது டேங்கர் ஹாரன் கேட்டது. கொஞ்சம் நில்லுங்கள், குளிப்பாட்டிவிடலாம் என்று நஸீமா சொல்லியிருக்கலாம்.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பழக்கதோஷம்.

அண்ணன் வீட்டுக் குளியலறைச் சுவரில் மறுநாள் இரண்டு வெள்ளைக் கைகள் பதிந்திருந்தன.

"பட்டறை ஆளுங்க யாராச்சும் வந்திருப்பாங்க," என்று ஷமீம் துடைத்தாள்.

மறுபடி பதிந்தன.

ஒரு பிற்பகல், வீட்டில் யாருமில்லாத நேரம், குளியலறைக்குள் வறண்ட செருமல் கேட்டது. முபாஷிரின் செருமல்.

பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கதவைத் திறந்தாள். ஆளில்லை. காய்ந்த மண் வாடை.

"நஸீ... ஊத்து."

வாளி நிறையத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். தோளில் விழுகிற ஓசை கேட்டது. தரை மட்டும் நனையவில்லை.

இரண்டாம் வாளி. சுவரில் இருந்த கைகள் மெல்லக் கரைந்து வழிந்தன. அவளுக்குக் கண் நிறைந்தது.

மய்யித்துக்கு மூன்று தண்ணீர் ஊற்றுவது முறை. இன்னும் ஒன்றுதான்.

வாளியை நிரப்பித் தூக்கினாள். "இதோ, முடிஞ்சுதுங்க."

தெருவில் டேங்கர் ஹாரன்.

அந்தத் தெருவுக்கு டேங்கர் வந்ததே கிடையாது. அது அவள் கால்களுக்குத் தெரியவில்லை. வாளித் தண்ணீரை மூலையில் கொட்டிக் காலி செய்துகொண்டு ஓடினாள்.

தெருவில் வெயில் மட்டும் இருந்தது. பட்டறையிலிருந்து முஸ்தபா பதறி வந்தார்.

"இத்தாவுல வாளியோட எங்கம்மா ஓடியாற?"

"டேங்கருண்ணே."

"இங்க ஏதும்மா டேங்கரு? வூட்டுக்குள்ள போ."

அப்போதுதான் கொட்டிய தண்ணீர் நினைவுக்கு வந்தது. அழப் பார்த்தாள். நெஞ்சு மறுபடி மரத்துவிட்டிருந்தது.

திரும்பி நடந்தாள். காலி வாளி அவள் காலில் இடிக்காமல், சற்று விலகியே கூட வந்தது.

"கைப்பிடியில என்னம்மா வெள்ளையா?" என்றார் முஸ்தபா.

அவள் விரல்களை ஒட்டி, இன்னொரு கையின் விரல்கள் காய்ந்த மண்ணாய்ப் பதிந்திருந்தன.