நீலமாகிப் போன காலிஃபிளவர்

மதியம் ஒன்றே கால் மணி. உணவகத்தின் பெரிய மேசை நடுவில் ஒரு முழுக் காலிஃபிளவர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறியது. விருந்தாளி அம்மா கைதட்டினார். ஆசையாக ஒரு வாய் எடுத்து வைத்தார். உடனே துப்பினார்.

“விஷம்!” என்று மேனேஜர் கத்தினார். அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இரண்டு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தாள். சமையலில் அவளுக்குத் தெரிந்தது வெந்நீர் வைப்பது மட்டும். அதுவும் ஒருமுறை அடிப்பிடித்தது என்று கூட வந்த ஏட்டு ஸ்டேஷன் முழுக்கப் பரப்பியிருந்தார்.

தட்டின் முன் அவள் நின்றுவிட்டாள். முந்திரிச் சாந்தின் வெண்மைக்கு நடுவே மயில் கழுத்து நிறத்தில் ஒரு பூ. அதற்குள் நூறு பூ. ஒவ்வொன்றுக்குள்ளும் அதே வடிவத்தில் இன்னும் குட்டிப் பூக்கள். இத்தனை நாள் இதைச் சந்தையில் பார்த்தும் பார்க்காமல் போயிருக்கிறோமே என்று நினைத்தாள்.

“மேடம், அது சாட்சிப் பொருள்,” என்றார் ஏட்டு. “கண்ணு வைக்காதீங்க.”

முதலில் தலைமைச் சமையல்காரி. எல்லாருக்கும் அவள் ‘மாஸ்டர் அக்கா’. விரல் நுனியெல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தது.

“கையில என்ன?”

“இது ஊதாக் காலிஃபிளவர் மேடம். நறுக்கினா கை ஊதாவாயிடும். எலுமிச்சம்பழத் தோலை வச்சுத் தேய்ப்பேன். இந்த நிறத்துக்கு வந்துடும்.”

“இன்னிக்கு என்ன செஞ்சீங்க?”

“முழுசா ஆவியில வேகவச்சேன். மேசையில வச்சு, மேல சூடா எலுமிச்சைச் சாறு ஊத்தினா ரோஜா நிறமாயிடும். அதைத்தான் காட்ட நினைச்சேன்.”

“ஊத்தினது?”

“நான்தான்.”

“நீலமானதும்?”

“சாப்பிடாதீங்கன்னு கத்தினேன். அதுக்குள்ள வாயில வச்சுட்டாங்க. அதுதான் வித்தைன்னு நினைச்சுட்டாங்க, பாவம்.” பிறகு தயங்கிச் சொன்னாள். “காலையில பின்பக்கம் ஒரு கிளையைக் காணோம். யாரோ கிள்ளியிருக்காங்க. பசி போலன்னு விட்டுட்டேன்.”

அந்தச் சாப்பாடு பிடித்திருந்தால் விருந்தாளி அம்மா உணவகத்தின் புதுக் கிளைக்கு முதல் போடுவார் என்று பேச்சு. கிளைப் பொறுப்பு மாஸ்டர் அக்காவுக்கு. இப்போதோ அவளை ஏற்றிக்கொண்டு போக வாசலில் ஜீப் நின்றது.

அடுத்து மேனேஜர். முதலாளியின் மனைவிக்குத் தம்பி.

“சமைச்சவ அவ. ஊத்தினவ அவ. சாப்பிடாதேன்னு கத்தினவளும் அவதான். இதுல விசாரிக்க என்ன இருக்கு?”

“நீங்க சமையல்கட்டுக்குப் போனீங்களா?”

“எனக்கும் கரண்டிக்கும் ஏழாம் பொருத்தம். அந்தப் பூவை நான் தொடக்கூட இல்ல.”

“கட்டைவிரல் நகத்துல நீலமா இருக்கே?”

“பேனா கசிஞ்சிடுச்சு.” சட்டைப் பையிலிருந்து அதே பேனாவை எடுத்து, வாக்குமூலத்தின் கீழ் பளிச்சென்று கறுப்பில் கையெழுத்துப் போட்டார்.

பரிமாறுபவனின் பட்டப்பெயர் புயல். கையில் வெள்ளைக் கையுறை. வந்து நிற்கவே ஒரு நிமிடம் ஆனது.

“சாறு இருந்த கிண்ணி எங்க இருந்துச்சு?”

“சமையல்கட்டுக்கு வெளிய இருக்கிற மேடையில.”

“எவ்வளவு நேரம்?”

“நான் வந்து எடுக்கிற வரைக்கும்.”

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “இவன் வந்து எடுக்கிறதுக்குள்ள ஒரு கல்யாணத்தையே முடிச்சிடலாம் மேடம்.”

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. விருந்தாளி அம்மாவுக்கு ஒன்றுமில்லை. பயத்தில் வாந்தி. ருசி மட்டும் சோப்பைக் கடித்தது போல இருந்ததாம்.

சப்-இன்ஸ்பெக்டர் கிண்ணியை முகர்ந்தாள். எலுமிச்சை வாசனையே இல்லை. மிச்சத்தை விரலால் தொட்டாள். வழவழப்பு. பள்ளிக்கூட ஆய்வகத்தில், ஊதா முட்டைக்கோஸ் சாற்றைச் சோதனைக் குழாய்களில் ஊற்றிய நாள் நினைவுக்கு வந்தது.

தட்டைச் சமையல்கட்டுக்குள் எடுத்துப் போனாள். கூட மாஸ்டர் அக்காவும் ஏட்டும் மட்டும்.

“ஒரு எலுமிச்சம்பழம் குடுங்கக்கா.”

பிழிந்தாள். பூவின் மேல் நுரை சீறியது. நீலம் கரைந்து ஊதா வந்தது. ஊதா கலைந்து, கிளை கிளையாக, ரோஜா நிறம் ஏறியது. ஏட்டு, தன்னை அறியாமல், தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“விஷமில்ல,” என்றாள் அவள் மெதுவாக. “சமையல் சோடா.”

வெளியே வந்தாள். “எல்லாரும் களைச்சுப் போயிருக்கீங்க. கையைக் கழுவிட்டு உட்காருங்க.” விருந்து முடிந்தால் கைகழுவ வைக்கிற கிண்ணங்களைப் புயல் கொண்டுவந்து வைத்தான். அந்த உணவகத்து வழக்கப்படி வெந்நீர், எலுமிச்சை பிழிந்தது. அவள் சொன்னபடி கொஞ்சம் தாராளமாகவே பிழிந்தது.

முதலாளி கையை நனைத்தார். புயல் உறையைக் கழற்றி நனைத்தான். மேனேஜரும் நனைத்தார்.

“கட்டைவிரலைக் காட்டுங்க சார்.”

நகத்தின் நீலம் ரோஜா நிறமாகியிருந்தது.

“எந்தப் பேனா மையும் எலுமிச்சைக்கு வெட்கப்படாது,” என்றாள். “அதுவும் உங்க பேனா கறுப்பு. இந்தப் பூவைச் சும்மா தொட்டா விரல் ஊதாவாகும். சோடாத் தண்ணியில நசுக்கினாத்தான் நீலமாகும். காலையில ஒரு கிளையைக் கிள்ளி ஒத்திகை பார்த்தீங்க. மதியம் கிண்ணியில சாறைக் கொட்டிட்டு சோடாவை ஊத்தினீங்க. புயல் சார் உங்களுக்கு வேண்டிய நேரம் குடுத்தார். நீலமானதும் விஷம்னு ஊரைக் கூட்டினீங்க. புதுக் கிளை உங்களுக்குன்னு நம்பிட்டிருந்தீங்க, இல்லையா?”

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். “மாமா…”

“மாமாவா? உன் அக்கா மூஞ்சியில நான் எப்படிடா முழிப்பேன்?”

ஒரு கான்ஸ்டபிளின் காவலில் மேனேஜர் ஜீப்பில் ஏறிப் போனார். முதலாளி மாஸ்டர் அக்காவிடம் திரும்பி, கைகூப்பினார்.

“உப்புலேருந்து எண்ணெய் வரைக்கும் நாக்குல வச்சுப் பார்க்கிறவ நான்,” என்றாள் அவள். “எலுமிச்சைச் சாறை யாராவது ருசி பார்ப்பாங்களான்னு விட்டேன். அதுல புகுந்துட்டான்.”

ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன். நடந்ததைக் கேள்விப்பட்ட விருந்தாளி அம்மாவே பேசினார். “அது ரோஜா நிறமாகுமா, ஆகாதா? நான் கிளம்பி வரேன்.”

குளிர்பெட்டியில் இன்னொரு பூ இருந்தது.

நாலரை மணிக்கு அது அதே மேசைக்கு வந்தது. மாஸ்டர் அக்கா கிண்ணியைத் தூக்கினாள். முதலில் ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுக்கொண்டாள். புளிப்பில் முகம் அஷ்டகோணலாகியது. மேசையே சிரித்தது.

பிறகு ஊற்றினாள்.

சிரிப்பு நின்றது. சப்-இன்ஸ்பெக்டருக்கு என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று எல்லாம் தெரியும். தெரிந்தும், முதல் கிளை சிவந்தபோது அவளுக்குக் கை சிலிர்த்தது.

“மேடம்,” என்று ஏட்டு காதருகே கெஞ்சினார். “வீட்டுல இதைச் செஞ்சு பார்க்காதீங்க.”