எண்பத்திரண்டு கால்கள்

கூவையாற்றைப் பற்றிப் பேச உரிமையுள்ள கால்கள் மொத்தம் எண்பத்திரண்டு. அவற்றில் எண்பது, நிலம் அளக்க வந்த நாற்பது பணியாளர்களுடையவை. அவர்கள் அத்தனை பேரும் சைக்கிள் தடம் வேண்டும் என்ற கட்சி. மீதி இரண்டு கால்கள் துளசிமணியுடையவை.

துளசிமணி ஆற்றில் நீர்மட்டம் பார்ப்பவள். வயது ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வருடமாகத் தினமும் காலையில் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, அளவுகம்பத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு ஏறி வருகிறாள். பாதை என்று ஒன்று அங்கே கிடையாது. பாறைக்குப் பாறை தாவித்தான் போக வேண்டும். அளவுகம்பத்தடிச் சேற்றில் நிற்பாளே தவிர, மணலில் கால் வைக்கவே மாட்டாள். மாசி மாதம் ஆலாப் பறவைகள் அந்த மணலில்தான் முட்டையிடும். கூடு கட்டும் வழக்கமில்லாத பறவை. வெறும் மணலில், கூழாங்கல் நிறத்தில் கிடக்கும் முட்டை. மிதித்த பிறகுதான் முட்டை என்று தெரியும்.

வீட்டில் உட்கார்ந்தபடி விரலை அழுத்தி எங்கோ இருக்கும் மலையின் தலையெழுத்தை மாற்றிய காலம் ஒன்று இருந்தது. கண்ணால் பார்த்திராத ஏரியை மூடச் சொல்லி எட்டு லட்சம் பேர் வாக்களித்தார்கள். மூடினார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் அடிச்சான்று. கணுக்காலில் மாட்டும் மெல்லிய வளையம். வெறுங்காலில் ஒட்டும் மண்ணின் உப்பையும் ஈரத்தையும் முகர்ந்து, எந்த இடத்து மண் என்று பதிந்துகொள்ளும். ஒவ்வொரு பதிவுக்கும் லேசாக ஓர் அதிர்வு. பாறையும் தாரும் அதற்குக் கணக்கில்லை. ஓர் இடத்து மண்ணில் முந்நூறு அடி நடந்தவருக்கே அந்த இடத்தைப் பற்றிப் பேசக் குரல் உண்டு. நடக்காதவர் எவ்வளவு பெரிய புள்ளியானாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நல்ல சட்டம். யாரும் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தை இடம் மாற்றக் கூடாதென்றால் ஊரே அதன் மைதானத்தைச் சுற்றி நடந்தது. பிள்ளைக்கு முதல் வளையம் மாட்டி மண் தொடவைப்பதைக் காதுகுத்தைவிடப் பெரிதாகச் செய்தார்கள்.

அளக்க அந்த நாற்பது பேரை அனுப்பிய தட ஆணையம் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளத்தாக்கின் இரண்டு முனையிலும் ஏற்கெனவே வண்டிப்பாதை இருந்தது. நடுவில் மூன்று கிலோமீட்டரை இணைத்துவிட்டால் சைக்கிள்காரர்கள் மலையடிவாரத்திலிருந்து அணைவரை மிதித்துக்கொண்டே போகலாம். சிமெண்ட் வேண்டாம், வெறும் மண் தடம் போதும் என்று அடக்கமாகத்தான் கேட்டார்கள். அந்த அடக்கம்தான் துளசிமணிக்குப் பயமாக இருந்தது.

அவளுக்குத் துணையாகக் கிளம்பியவன் ஆறுச்சாமி. சைக்கிள் கடைக்காரன். தடம் வந்தால் முதலில் பிழைக்கப்போவது அவன் கடைதான். அதையே எதிர்க்கிறான் என்று வாடிக்கையாளர்கள் சிலர் பஞ்சர் ஒட்டக்கூட அவனிடம் வருவதை நிறுத்தியிருந்தார்கள்.

"சைக்கிள் மேல எனக்கென்னுங்க்கா கோவம்? சோறு போடறதே அதுதான்" என்றான். "ஒரு தடம் வந்தா டீக்கடை வரும். டீக்கடை வந்தா கக்கூஸ் வரும், லைட்டு வரும். அப்பறம் ஆறு எங்கீங்க இருக்கும்?"

அவனுக்கு இதில் பழக்கம் உண்டு. பத்து வருடத்துக்கு முன் எஸ்டேட்காரர்கள் மலைமக்களின் நடைபாதையைக் கேட் போட்டு அடைத்தபோது வழக்கை நடத்தியவன் அவன். ஆயிரம் பேர் ஒரே தடத்தில் நடந்ததாக அடிச்சான்று காட்டினால் அது மரபுவழி, அதை எவரும் அடைக்க முடியாது என்று தீர்ப்பு வாங்கினான். உடைத்த கேட்டின் ஓர் இரும்புக் கம்பி இன்னும் அவன் கடையில் தொங்குகிறது.

நாற்பதுக்கு ஒன்று என்றால் தோல்விதான். ஆட்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய் நடக்கவைப்பது ஒன்றே வழி என்றான் ஆறுச்சாமி. விசாரணை பங்குனி முதல் வாரத்தில். நடப்பதாக இருந்தால் மாசியில்தான் நடக்க வேண்டும்.

"மாசியில முட்டை கெடக்குமே தம்பி" என்றாள் துளசிமணி.

இரண்டு நாள் அவள் கடைப்பக்கமே வரவில்லை. இந்த வருடத்து முட்டை போனால் அடுத்த வருடம் இடும், தடம் வந்துவிட்டால் எந்த வருடமும் இடாது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் பட்டது. மூன்றாம் நாள் கடைக்கு வந்து, நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள்.

"நான் கால் வெக்கிற எடத்துலதான் எல்லாரும் வெக்கோணும். ஒரு சாண் விலகுனாலும் நான் திரும்பி வந்துருவேன்."

மூன்று நாள் நடந்தார்கள். பனியன் கம்பெனியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் சந்தையிலிருந்தும் வந்தவர்கள், துளசிமணியையும் சேர்த்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு பேர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றை வரிசையில் போனார்கள். ஒவ்வோர் அணிக்கும் முன்னால் அவளே நடந்து, முட்டை இல்லாத இடமாகப் பார்த்து அடி வைத்தாள். உள்ளே போனவர்கள் அதே வழியில் திரும்பினால், எதிரே வருபவர்களுக்கு ஒதுங்கும்போது முட்டையை மிதித்துவிடுவார்கள். அதனால் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறச் சொன்னாள். அளக்க வந்தவர்கள் கருவியோடு ஆளுக்கொரு பக்கம் சிதறி மிதித்ததைப் பார்த்து வயிறெரிந்தவள் அவள். இவர்கள் ஒரு சொல் தட்டாமல் பின்னால் வந்ததில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு பெண், "இப்ப நடக்கச் சுளுவா இருக்குதுங்க்கா, மண்ணு நல்லா இறுகிருச்சு" என்றாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இது வெறும் மணல்.

மூன்று நாளும் ஆலாக்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றின. மாசி வெயிலில் தாய்ப்பறவை வயிற்றை நனைத்து வந்து முட்டைமேல் உட்கார்ந்து நிழல் கொடுக்க வேண்டும். ஆள் நடமாடும் இடத்தில் அது இறங்காது. நான்காம் நாள் துளசிமணி தனியாகப் போய் எண்ணினாள். அறுபத்தொரு முட்டை. ஒன்றுகூட உடையவில்லை. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள், வெந்த முட்டையைப்போலச் சுட்டது. அளவுகம்பத்தடியில் நின்று வாய்விட்டு அழுதாள். பிறகு தண்ணீர் அளவைக் குறித்துக்கொண்டு ஏறி வந்தாள்.

விசாரணை நாளில் குரல்மன்றத்தில் நிற்க இடமில்லை. குரல் அலுவலர் பர்வீன் வளையங்களின் பதிவைத் திரையில் போட்டாள். வேண்டாம் என்றவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு. வேண்டும் என்றவர்கள் நாற்பது. புதுத் தடத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஆறுச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தட ஆணையத்துக்காரர்கள் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"உக்காருங்கம்மா" என்றாள் பர்வீன், துளசிமணியைப் பார்த்து. "இன்னொரு வரி இருக்கு."

அந்த வரியை வாசிக்க அவளுக்கே மனம் வரவில்லை என்பது தெரிந்தது.

"இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே தடத்துல நடந்திருக்கீங்க. ஓரடி விலகல. ஆயிரமாவது ஆள் தாண்டுனதும் மெஷின் அதை மரபுவழின்னு பதிஞ்சிருச்சு. மரபுவழியில நடக்கலாம், மாடு ஓட்டலாம், சைக்கிள் விடலாம். யாரும் அனுமதி கேக்க வேண்டியதில்ல. அவங்களுக்கு இனிமே புதுத் தடம் தேவையில்லம்மா."

ஆறுச்சாமி முன்னால் வந்து கேட்டான்.

"நடந்தவங்களே வந்து வேண்டாமுன்னு சொன்னா, அடைக்க முடியாதுங்களா மேடம்?"

"யார் சொன்னாலும் அடைக்க முடியாதுன்னு சட்டத்துல சேத்ததே உங்க எஸ்டேட் வழக்குக்கு அப்பறம்தாங்க சார்."

மரபுவழிக்கு முதல் அடி வைத்தவர் பெயரையே வைப்பது விதி. திரையில் பெயர் தானாக வந்தது: துளசிமணி வழி.

அடுத்த மாசியில் பலகை நட்டுவிட்டார்கள். சைக்கிள்காரர்கள் மோசமானவர்கள் இல்லை. குப்பை போடவில்லை, மணியை அளவாகத்தான் அடித்தார்கள். ஆலாக்கள் வரவில்லை. துளசிமணி முன்போலவே பாறைக்குப் பாறை தாவித்தான் அளவுகம்பத்துக்குப் போய் வந்தாள். தன் பெயர் போட்ட வழியில் ஒரு நாளும் நடக்கவில்லை. பறவையே இல்லாத மணலை மிதிக்காமல் போகிறவளைச் சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஒரு காலையில் ஓர் இளம்பெண் தடத்தோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மூன்று வயது மகளின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குழந்தையின் காலில் புது வளையம் மினுங்கியது. பக்கத்துப் பாறைமேல் நின்றிருந்த துளசிமணியிடம் அவளாகவே பேச்சுக் கொடுத்தாள்.

"முந்நூறு அடி நடக்கவெக்கோணுங்க. நாளைக்கு இந்த ஆத்தை யாராச்சும் அழிக்க வந்தா, எம்பொண்ணும் வேண்டாமுன்னு சொல்லோணுமில்லீங்க?"

சொல்லிவிட்டு மகளை மணலில் இறக்கிவிட்டாள். தடத்தில் சைக்கிள்கள் வருகின்றன, ஓரமாகப் போ சாமி என்றாள். குழந்தை தடத்தை விட்டு விலகி, போன வருடம் அறுபத்தொரு முட்டை கிடந்த பக்கமாக, அடிகளை எண்ணிக்கொண்டே ஓடியது. துளசிமணி தன்னையறியாமல் தடுக்கக் கை நீட்டிப் பாறையிலிருந்து குதித்தாள். மணலில் கால் புதைந்தது. கணுக்காலில் வளையம் லேசாக அதிர்ந்து, அந்த அடியையும் பதிந்துகொண்டது.